ஸ்பிரிங் மாத்துன ஸ்விஃப்ட், முன்னாடி "டங் டங்" சத்தம், எங்கேன்னே புடிபடல

கோவை_டீசல்:

எல்லாருக்கும் வணக்கம்ங்க. வண்டி 2014 ஸ்விஃப்ட் டீசல், விடிஐ. லோயரிங் ஸ்பிரிங் போட்டு 35 எம்எம் இறக்கிருக்கேன், ஷாக் மட்டும் கம்பெனி ஷாக்கே தான், வீல் 16 இன்ச், டயர் 195/55. பாக்க சும்மா ஜம்முனு இருக்கு, ஆனா சத்தம் தாங்க முடியல. ஸ்பீட் பிரேக்கர் ஏறும்போது ஒண்ணும் இல்ல, இறங்கும்போது ரைட் சைடுல "டங்"னு ஒரு அடி. பார்க்கிங்ல ஸ்டீயரிங்க முழுசா ஒடிச்சா "டொய்ங்"னு வேற ஒரு சத்தம். அப்புறம் ரோடு சரியில்லாத எடத்துல மெதுவா போனா கீழ கட கடன்னு ஏதோ ஆடுது, பைபாஸ்ல 80ல போனா கம்முனு போகுது. ஸ்பிரிங் போட்ட கடையில லிங்க் ராடுன்னு (வளைவுல வண்டி சாயாம புடிக்கற ராடு) சொல்லி ரெண்டு பக்கமும் மாத்துனாங்க, அதே சத்தம். இப்ப லோயர் ஆர்ம் (வீல கீழ வண்டியோட புடிச்சிருக்கற கை) செட்டு மாத்தணும், அதுலயும் போகலேன்னா ஸ்டீயரிங் ராக்கா (ஸ்டீயரிங் திருப்பறத வீலுக்கு கொண்டு போற பல்லு ராடு) இருக்கும்ங்கறாங்க. ராக் விலை கேட்டா தலை சுத்துது. காசு போடறதுக்கு முன்னாடி எதை பாக்கறது, யாராச்சும் சொல்லுங்களேன்.

மதுரை_ரைடர்:

லோயர் ஆர்ம் தான் ப்ரோ, கண்ண மூடிட்டு மாத்துங்க. எனக்கும் இதே சத்தம் தான் இருந்துச்சு.

பழைய_ஸ்பேனர்:

கண்ண மூடிட்டு மாத்தித்தான் லிங்க் ராடு காசு போச்சு, இன்னும் என்னத்த மூட சொல்றீங்க 😀

தம்பி, நீங்க எழுதுனதுலயே மூணு வேற வேற சத்தம் இருக்கு, ஒரே பார்ட்டுல மூணும் வராது. சத்தம் எப்ப வருதுங்கறது தான் முக்கியம், எங்க இருந்து வருதுன்னு காத வச்சு கண்டுபுடிக்க போனா பாடி ஃபுல்லா இரும்பு, ஒரு பக்கம் தட்டுனா இன்னொரு பக்கம் கேக்கும். அப்புறம் கடைசியா எதுல கை வச்சாங்களோ அதுல இருந்து ஆரம்பிக்கணும். உங்க வண்டில சத்தம் வர்றதுக்கு முன்னாடி கடைசியா கழட்டுனது ஸ்ட்ரட், அதாவது ஷாக்கும் ஸ்பிரிங்கும் சேந்த செட்டு.

இறங்கும்போது டங்: பிரேக்கர தாண்டி வீல் கீழ தொங்கும்போது ஷாக் முழுசா நீளுது. கம்பெனி ஸ்பிரிங் அந்த நிலைமையிலயும் கொஞ்சம் அமுங்கித்தான் இருக்கும், மேல கீழ சீட்ட விட்டு நகராது. லோயரிங் ஸ்பிரிங் நீளம் கம்மி, ஷாக் ராடு நீளம் அதே பழசு, அதனால தொங்குற நேரத்துல ஸ்பிரிங் லூசாகி திரும்ப உக்காரும்போது அடிக்கும். செக் பண்றது சுலபம். முன்பக்கம் ஜாக்கி போட்டு ரெண்டு வீலும் தொங்கட்டும், ஸ்டாண்டு குடுங்க (வெறும் ஜாக்கிய நம்பி உள்ள கை விடாதீங்க). இப்ப ஸ்பிரிங்க கையால திருகி பாருங்க, ஆடுச்சுன்னா ஆளு அவன்தான். அப்படியே ஸ்பிரிங்கோட கீழ் முனைய டார்ச் அடிச்சு பாருங்க. கீழ் சீட்டுல ஒரு படி மாதிரி இருக்கும், ஸ்பிரிங் முனை அதுல போய் முட்டி நிக்கணும். தள்ளி நின்னா மாட்டும்போதே தப்பு.

ஒடிக்கும்போது டொய்ங்: டாப் மவுண்ட் பேரிங், ஸ்ட்ரட்டோட மேல் முனையில இருக்கும். ஸ்டீயரிங் திருப்பும்போது ஸ்பிரிங்கும் சேந்து திரும்பணும், பேரிங் இறுகிட்டா ஸ்பிரிங் முறுக்கேறி ஒரு கட்டத்துல விட்டு அடிக்கும். வண்டி தரையில நிக்கும்போது ஒருத்தர் ஸ்டீயரிங்க மெதுவா திருப்பட்டும், நீங்க வீல் ஆர்ச் வழியா ஸ்பிரிங் மேல உள்ளங்கைய லேசா வைங்க, காயிலுக்கு நடுவுல வெரல விட்டுராதீங்க. திரும்பாம நின்னு ஒரு உதறு உதறுச்சுன்னா கையிலயே தெரியும்.

கட கடக்கு லோயர் ஆர்ம்ல இருக்கற ரப்பர் புஷ்ஷ பாக்கணும், ஆனா மொதல்ல இந்த ரெண்டையும் பாத்துட்டு வாங்க.

சேலம்_சிவப்பு_ஐ20:

ஸ்பேனர் அண்ணன் சொன்னதோட செலவே இல்லாத ரெண்டு டெஸ்ட். கட கட வர்ற ரோட்டுல மெதுவா போகும்போது பிரேக்க லேசா தொட்ட மாதிரி புடிங்க, சத்தம் நின்னா சஸ்பென்ஷனே இல்ல, பிரேக் பேடோ காலிப்பர் பின்னோ ஆடுது. ரெண்டாவது, கிளட்ச் விடும்போதும் கியர் மாத்தும்போதும் ஒரு இடி வந்தா இன்ஜின் மவுண்ட், டீசல்ல அது சகஜம். லிங்க் ராடு மேல இன்னும் டவுட் இருந்தா ரெண்டு பக்க லிங்க்கையும் கழட்டி, தொங்கி எதுலயும் இடிக்காத மாதிரி கட்டிட்டு, தெருவுக்குள்ள மட்டும் மெதுவா ஒரு ரவுண்டு போங்க. சத்தம் அப்படியே இருந்தா லிங்க்குக்கும் அதுக்கும் சம்பந்தம் இல்ல. வளைவுல வண்டி நல்லா சாயும், மெயின் ரோட்டுக்கு போயிராதீங்க.

ஊர்க்குருவி:

வண்டிய குறை சொல்றோம், பிரேக்கர யாரு கேக்கறது. ஐஆர்சி (இந்திய சாலைகள் காங்கிரஸ்) 1988ல போட்ட விதிப்படி 3.7 மீட்டர் அகலம், 10 செமீ உயரம் இருக்கணும்னு இருந்துச்சு, 25 கிமீ வேகத்துல தாண்டுற மாதிரி. எங்க தெருவுல ஒரு சட்டி சிமெண்ட கொட்டி குழந்தைய தூங்க வைக்கற மாதிரி தட்டி விட்டுருக்காங்க. இதுல 35 எம்எம் இறக்குன வண்டி வேற. அப்புறம் ஆர்சில இருக்கறதுக்கு மாறா வண்டிய மாத்துனா மோட்டார் வாகன சட்டம் 52வது பிரிவு இருக்கு, க்ளெய்ம் போகும்போது இன்ஷூரன்ஸ் காரன் கேப்பான், அதையும் யோசிங்க.

கோவை_டீசல்:

அண்ணா கைய குடுங்க. நண்பர் ஒருத்தர் ஒர்க்‌ஷாப்புல ரேம்ப் கெடச்சுது, ஒண்ணொண்ணா பாத்தோம்.

வீல் தொங்கவிட்டதும் ரைட் ஸ்பிரிங் கையால சுத்துது, லெஃப்ட் கொஞ்சம் டைட்டா இருக்கு ஆனா அதுவும் ஆடுது. ரைட் ஸ்பிரிங் முனை படிய விட்டு ஒரு இஞ்ச் தள்ளி உக்காந்துருக்கு, சீட்டுல பெயிண்ட் தேஞ்சு பளபளன்னு கோடு விழுந்துருக்கு. டாப் மவுண்ட் பேரிங் ரெண்டும் கரகரன்னு, உள்ள கிரீஸே இல்ல, மண்ணு தான். பிரேக் டெஸ்ட்ல கட கட நிக்கல. லோயர் ஆர்ம்ல பின்னாடி புஷ்ஷு கடப்பாரை குடுத்து நெம்புனா ரப்பர் கிழிஞ்சு வாய தொறக்குது. பால் ஜாயிண்ட் நல்லா இருக்கு, ராக்கும் நல்லா இருக்கு, டை ராடுல ஆட்டமே இல்ல. ஸ்பிரிங் போடறதுக்கு முன்னாடி சர்வீஸ்ல புஷ் நல்லா இருக்குன்னு தான் சொன்னாங்க, அதுக்குள்ள எப்படி கிழியும்?

பழைய_ஸ்பேனர்:

நெனச்சேன். புஷ் தேஞ்சு போகல தம்பி, முறுக்கி கிழிச்சிருக்காங்க. இந்த ரப்பர் புஷ் உள்ள இருக்கற இரும்பு ஸ்லீவோட ஒட்டி இருக்கும், அது சுத்தாது, ரப்பர் தான் முறுக்கிக்கும். வீல் தொங்கிட்டு இருக்கும்போதே ஆர்ம் போல்ட்ட இம்பாக்ட் கன்ன வச்சு இறுக்கிட்டா ரப்பருக்கு அந்த தொங்குற நிலை தான் சும்மா இருக்கற நிலைன்னு ஆயிடும். வண்டிய கீழ விட்டதும், வண்டி நின்னுட்டு இருந்தா கூட, அது முறுகியே தான் இருக்கும். உங்க வண்டி 35 எம்எம் இறங்கிருக்கு, அப்ப முறுக்கு இன்னும் ஜாஸ்தி. புதுசு போடும்போது போல்ட்ட கையால மாட்டி விட்டு, வண்டி வெயிட் வீல் மேல வந்த பிறகு, நாலு டயரும் நிக்கற ரேம்புல வச்சு டார்க் ரென்ச்சால இறுக்க சொல்லுங்க. பாதி கடையில இத செய்யவே மாட்டாங்க, பக்கத்துல நில்லுங்க. புஷ் மட்டும் பிரஸ்ல அடிச்சு மாத்தலாம், ஆர்ம் நல்லா இருந்தா முழு செட்டு வேண்டாம்.

ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன், அந்த ஸ்பிரிங் டீசலுக்கு உள்ளதுதானா? டீசல் இன்ஜின் வெயிட்டு, மூக்கு பாரம். பெட்ரோல் ஸ்பிரிங்க டீசல்ல போட்டா சொன்னத விட ஜாஸ்தியா இறங்கி எப்பவும் பம்ப் ஸ்டாப்ப (ஷாக் முழுசா அமுங்காம தடுக்கற ரப்பர்) தொட்டுக்கிட்டே ஓடும்.

கோவை_டீசல்:

பில்லுல எதுவும் போடல. ஸ்பிரிங்ல இருந்த நம்பர கேட்லாக்ல தேடுனா… பெட்ரோல். அதான் பின்னாடிய விட முன்னாடி அவ்ளோ இறங்கி இருந்துச்சு, நானும் ஸ்டைலா இருக்குன்னு விட்டுட்டேன். கடைக்காரர கேட்டா "எல்லாத்துக்கும் ஒரே ஸ்பிரிங் தான் சார்"ங்கறாரு.

புஷ் மாத்தி நீங்க சொன்ன மாதிரியே தரையில வச்சு இறுக்கியாச்சு, கட கட சுத்தமா இல்ல. டாப் மவுண்ட் பேரிங் புதுசு, டொய்ங் போயிருச்சு. ஸ்பிரிங் முனைய படியில சரியா உக்கார வச்சதும் டங் முக்காவாசி கம்மி, ஆனா பெரிய பிரேக்கர்ல லேசா இருக்கு.

பழைய_ஸ்பேனர்:

அந்த லேசு போகாது. ஸ்பிரிங் நீளத்துக்கு ஏத்த மாதிரி ஸ்ட்ரோக் (நீண்டு சுருங்கற தூரம்) கம்மியான ஷாக் போடணும், இல்லேன்னா பழைய ஸ்பிரிங்குக்கே திரும்பணும். என்ன கேட்டா பழசு. 16 இன்ச் போட்டு டயர் சைட்வால் 132 எம்எம்ல இருந்து 107க்கு வந்தாச்சு (ஒரிஜினல் 14 இன்ச் 165/80ன்னு வச்சா), அதுலயே பாதி குலுக்கல் வந்துரும். பழசுக்கு போனா அந்த புஷ் போல்ட்ட லூஸ் பண்ணி புது உயரத்துல திரும்ப இறுக்கணும், அப்புறம் தான் அலைன்மென்ட். மாத்தி செஞ்சா அலைன்மென்ட் காசு தண்டம்.

கோவை_டீசல்:

பழசு மொட்டை மாடில தான் கெடக்கு, ஞாயித்துக்கிழமை போட்டுறேன். ரொம்ப நன்றிங்கண்ணா.

மதுரை_ரைடர்:

ப்ரோ அந்த லோயரிங் ஸ்பிரிங் குடுப்பீங்களா, என்னோடது பெட்ரோல் தான் 😁

பழைய_ஸ்பேனர்:

ஷாக்குக்கும் சேத்து பட்ஜெட் போட்டுட்டு வாங்குங்க. உங்க வண்டில அப்ப வந்த சத்தமும் லோயர் ஆர்ம் தானான்னு இப்பவாச்சும் ஜாக்கி போட்டு பாருங்க.