வாசல் கேமரா: வயரா, வைஃபையா?

நண்பர்களே, வாசலில் இருக்கிற வைஃபை கேமரா படுத்துகிறது. லென்ஸுக்கு முன்னால் சிலந்தி வலை பின்னிவிடுகிறது. ராத்திரியில் இருட்டில் பார்க்கக் கேமரா விடும் இன்ஃப்ராரெட் வெளிச்சம் அதில் பட்டுப் படம் முழுக்க வெள்ளை. வலை ஆடினாலே போனில் அலர்ட். கடைசியில் அலர்ட்டை அணைத்தாயிற்று, அப்புறம் கேமரா எதற்கு?

கேமராவில் பிஐஆர் சென்சார் இருந்தால் அது உடல் சூட்டின் அசைவைத்தான் பார்க்கும் என்பதால் இந்தத் தொல்லை குறையுமாம். வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள், பூனை போனாலும் அலர்ட் அடிக்கிறதா?

பிஓஇ என்கிற வயர் கேமராவுக்கு ஒரே நெட்வொர்க் கேபிளில் கரண்டும் படமும் போய்விடும், சரி. ஆனால் இது வாடகை வீடு, சுவரில் துளை போட முடியாது. பதிவை ஆன்லைனில் வைக்கிற மாதச் சந்தா இல்லாமல் மெமரி கார்டு மட்டும் போதுமா? திருடன் கேமராவையே கழற்றிக்கொண்டு போனால் பதிவும் சேர்ந்து போய்விடுமே, அதற்கு என்ன செய்கிறீர்கள்?