ஓமானுக்கு ஆங்கில லெக்சரராகப் போகும் கடலூர், புதுச்சேரிக்காரர்களுக்கு

ஓமானிலிருந்து விடுமுறைக்கு மஞ்சக்குப்பம் வந்து பத்து நாள்தான் ஆகிறது. அதற்குள் நாலு பேர் வீடு தேடி வந்துவிட்டார்கள். எல்லாரும் எம்.ஏ. ஆங்கிலம். மூன்று பேர் கையில் ஆஃபர் லெட்டர். நாலாவது தம்பி போய் ஒரு செமஸ்டர் முடித்துவிட்டு வந்தவர். "அண்ணே, நான் படிச்ச படிப்புக்கும் அங்க சொல்லித் தர்றதுக்கும் சம்பந்தமே இல்லண்ணே" என்று வெள்ளிக் கடற்கரை மணலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவருக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் பதவிப்பெயர். ஆறாவது சம்பளக் கமிஷனோடு நம் ஊரில் லெக்சரர் என்பது போய் உதவிப் பேராசிரியர் என்று ஆகிவிட்டது. அங்கே ஒப்பந்தத்தில் லெக்சரர் என்றுதான் இருக்கும், பிஎச்.டி. முடித்திருந்தாலும். பதவி இறங்கிவிட்டதாக மனசு சங்கடப்பட வேண்டாம். மாணவர்கள் அதையும் சொல்ல மாட்டார்கள். ஆணோ பெண்ணோ, எல்லாரும் "டீச்சர்"தான்.

வேலை என்னவென்று தெரிந்துகொண்டு போங்கள். புதிதாகப் போகிறவர்களில் பெரும்பாலானோரைப் போடுவது ஃபவுண்டேஷன் வகுப்பில். பள்ளிக்கூடம் வரை அரபியில் படித்த பிள்ளைகள், பட்டப்படிப்பை ஆங்கிலத்தில் படிப்பதற்கு முன் தங்களைத் தயார் செய்துகொள்ளும் கட்டம் இது. இதற்கான தரவரையறையை 2008இல் அரசே வெளியிட்டிருக்கிறது. படிப்பு முடியும்போது மாணவர் 250 சொல்லில் ஒரு கட்டுரை எழுத வேண்டும், தகவல் தேடி 500 சொல்லில் ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும், ஐந்து நிமிஷம் எழுந்து நின்று பேச வேண்டும். இதற்குத்தான் உங்களுக்குச் சம்பளம். நாடகமும் கவிதையும் விளக்க அல்ல.

கடலூரில் ஒன்பது வருஷம் ஒரு தனியார் கல்லூரியில் பார்ட் டூ ஆங்கிலம் (எல்லாப் பட்டப்படிப்புக்கும் பொதுவான ஆங்கிலப் பாடம்) எடுத்தவன் நான். வகுப்புக்கு அறுபது, எழுபது பேர். பாடத்தை வாசிப்பேன், தமிழில் அர்த்தம் சொல்வேன், நோட்ஸ் கொடுப்பேன், மணி அடிக்கும். அங்கே வகுப்பில் இருபத்தைந்து பேர். முதல் நாள் நாற்பது நிமிஷம் நான் மட்டுமே பேசினேன். பின்வரிசையில் உட்கார்ந்து கவனித்துக்கொண்டிருந்த ஒருங்கிணைப்பாளர் கடைசியில் கேட்டது ஒரே கேள்வி: "மாணவர்கள் எத்தனை நிமிடம் பேசினார்கள்?"

இரண்டாவது வாரம் நடந்ததைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பையன் தாமதமாக வந்தான். ஏன் என்றேன். "நோ பார்க்கிங், டீச்சர்." வண்டி விட இடமில்லை என்பதைத்தான் சொல்கிறான், ஆனால் காதில் விழுந்தது நாய் குரைக்கிற பார்க்கிங். (தமிழில் எழுதினால் இரண்டும் ஒன்றாகத்தான் தெரிகிறது பாருங்கள், அதற்குத்தான் வருகிறேன்.) 'படம்' என்பதில் வருகிற ப அரபியில் கிடையாது, 'பயம்' என்பதில் வருகிற ப மட்டும்தான் உண்டு. இதைச் சரிசெய்ய பயிற்சிப் புத்தகங்களில் ஒரு வழி சொல்வார்கள். உதட்டுக்கு முன்னால் ஒரு துண்டுக் காகிதத்தைப் பிடித்துக்கொண்டு சொல்லைச் சொன்னால், முதல் வகை ப-வுக்குக் காகிதம் ஆடும், இரண்டாவதற்கு ஆடாது.

வருகைத்தாளின் ஓரத்தைக் கிழித்து உதட்டுக்கு நேராகப் பிடித்தேன். "பென்" என்றேன். காகிதம் அசையவில்லை. "பேப்பர்." ஊஹும். குரலை உயர்த்தி மறுபடியும் சொன்னேன். அப்படியே நின்றது. "டீச்சர், பேப்பர் ஸ்லீப்பிங்" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது.

ராத்திரி அறையில் கண்ணாடி முன் நின்று முயன்று பார்த்தபோதுதான் புரிந்தது. தமிழில் நாம் 'படம்' என்று சொல்லும்போது உதடு பிரியும், காற்று வெளியே தள்ளாது. ஆங்கிலத்தில் சொல்லின் தொடக்கத்தில் வரும்போது ஊதியது போலக் காற்று வரும். ஒன்பது வருஷம் ஆங்கிலம் சொல்லிக்கொடுத்தவன், என் ப தமிழ் ப என்பதை ஒரு காகிதத் துண்டிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன்.

அதற்கப்புறம் என் தமிழை வகுப்பில் ஒளித்துவைப்பதை விட்டுவிட்டேன். நமக்கு இருக்கிற பெரிய முதல் அதுதான் தம்பி. அரபியில் 'நான் மாணவன்' என்றால் அவ்வளவுதான், நடுவில் எதுவும் வராது. தமிழிலும் அப்படித்தானே? அதனால்தான் நம் பிள்ளைகளும் அவர்கள் பிள்ளைகளும் 'ஐ ஸ்டூடண்ட்' என்று ஒரே தப்பைச் செய்கிறார்கள். பெரிய எழுத்து, சின்ன எழுத்து என்ற பிரிவு அரபியிலும் இல்லை, தமிழிலும் இல்லை. ஊர்ப் பெயரைச் சின்ன எழுத்தில் ஆரம்பிக்கிறானே என்று எரிச்சல்படும் முன், ஆறாம் வகுப்பில் நாம் வாங்கிய குட்டுகளை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு விஷயத்தில் மட்டும் அவர்கள் வழி தனி. அரபியில் குறில் ஒலிகளைப் பொதுவாக எழுதுவதில்லை. ஆகவே ஆங்கிலம் எழுதும்போதும் உயிரை விழுங்கிவிட்டு மெய்களை வரிசையாக நிற்க வைப்பார்கள். அது சோம்பேறித்தனம் இல்லை, கை பழகிய வழக்கம்.

இங்கிலாந்தில் பிறந்து வளர்ந்த சக ஆசிரியருக்கு இது புத்தகத்தில் படித்தால்தான் தெரியும். நமக்கு உடம்பிலேயே இருக்கிறது. ஆனால் சம்பளம் என்னவோ அவருக்குத்தான் கூட, நான் முதலில் இருந்த இடத்தில் அப்படித்தான் இருந்தது. பாஸ்போர்ட்டின் நிறம் பார்த்துப் போட்ட சம்பளம். கேட்டுப் பார்த்தேன், பலனில்லை. இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கல்லூரிக்கு மாறிவிட்டேன். பழைய முதலாளியின் என்.ஓ.சி. (ஆட்சேபணை இல்லை என்ற கடிதம்) கட்டாயம் என்ற விதி 2021 ஜனவரியோடு போய்விட்டதால் மாறுவது இப்போது அவ்வளவு கஷ்டமில்லை. ஒப்பந்தத்தை முடித்துவிட்டு மாறுங்கள், நடுவில் அறுத்துக்கொண்டு ஓடாதீர்கள்.

விடைத்தாள் திருத்துவதும் வேறு மாதிரி. பக்கம் பார்த்து மார்க் போட்டுப் பழகிய கை நம்முடையது. அங்கே ஒரு தாளை இருவர் தனித்தனியே திருத்துவோம், இரண்டு மதிப்பெண்ணும் ரொம்பத் தள்ளிப் போனால் மூன்றாவது ஆளிடம் போகும். முதல் தேர்வில் என் தாள்களில் பாதி மூன்றாவது ஆளிடம் போனது. கூச்சமாகத்தான் இருந்தது.

லாஸ்பேட்டையிலிருந்து ஒரு தங்கை கேட்டிருந்தார்: "அண்ணா, நான் பெண், தனியாகப் போகிறேன். வகுப்பில் பையன்கள் மதிப்பார்களா?" மதிப்பார்கள்மா. ஆசிரியர் என்றால் அந்த ஊரில் தனி மரியாதை. பெண்களும் பையன்களும் ஒரே வகுப்பில்தான், ஆனால் தனித்தனிப் பக்கமாக உட்காருவார்கள். ஜோடி சேர்த்துப் பேச வைக்கும் பயிற்சியில் கலந்து உட்கார வைக்காதீர்கள், ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள். உடுப்பு விஷயத்தில் முழுக்கைச் சுடிதார் போதும், என்னோடு வேலை செய்யும் நம் ஊர்ப் பெண்கள் அப்படித்தான் வருகிறார்கள். தங்கும் இடம் கல்லூரிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். டவுன் பஸ்ஸைப் பிடித்துத் திருப்பாதிரிப்புலியூர் போகிற மாதிரி அங்கே நினைத்த நேரத்துக்குப் போக முடியாது.

அதனால் கார் ஓட்டத் தெரிந்தாக வேண்டும், இந்திய லைசென்ஸ் இருந்தாலும் அங்கே டெஸ்ட் உண்டு. டிரம் டெஸ்ட் என்பார்கள். தகர டிரம்களுக்கு நடுவே வண்டியைப் பின்பக்கமாக ஓட்டி நிறுத்த வேண்டும். பிஎச்.டி. வைவாவில் வேர்க்காதவர்களுக்கெல்லாம் அங்கே வேர்க்கும். நான் மூன்றாவது தடவைதான் தேறினேன்.

சர்டிபிகேட் விஷயம். ஒரு நாட்டின் சான்றிதழ் இன்னொரு நாட்டில் செல்ல அரசு போடும் முத்திரைதான் அப்போஸ்டில். ஓமான் 2012 முதல் அப்போஸ்டில் ஒப்பந்தத்தில் இருக்கிறது, நாம் 2005 முதல். டிகிரியை அப்போஸ்டில் செய்யும் வேலையை ஊரிலேயே முடித்துக்கொள்ளுங்கள், அங்கிருந்து கூரியரில் அனுப்பி அல்லாட வேண்டாம். அனுபவச் சான்றிதழில் சேர்ந்த தேதி, விலகிய தேதி, முழுநேரம் என்ற சொல், எடுத்த பாடம் நாலும் இருக்கட்டும். அஞ்சல் வழியில் எம்.ஏ. படித்தவர்கள் (சிதம்பரம் பக்கத்தில் நம்மில் நிறையப் பேர்) அது செல்லுமா என்று கல்லூரியிடமே மின்னஞ்சலில் கேட்டு, பதிலைப் பத்திரப்படுத்திய பிறகு இருக்கிற வேலையை விடுங்கள். ஏஜென்ட் வாய்வார்த்தையாகச் சொல்வது கணக்கில் வராது. தங்க வீடு கொடுப்பார்கள் என்று என் ஏஜென்ட் சொன்னார், இறங்கிப் பார்த்தால் ஒரு அறையில் மூன்று கட்டில்.

வாரம் ஞாயிற்றுக்கிழமை தொடங்கும், வெள்ளி சனி விடுமுறை. அம்மா ஞாயிறு காலை போன் செய்து "லீவு நாள்ல கூட எடுக்க மாட்டேங்கற" என்பார். பழகிவிடும்.

இந்த மாதம் 28 வரை ஊரில்தான் இருப்பேன். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரையில் இருப்பேன், வருகிறவர்கள் ஆஃபர் லெட்டரின் நகலைக் கொண்டுவாருங்கள், ஒவ்வொரு வரியாகப் படித்துப் பார்க்கலாம்.