புரோன்ஸ் வான்கோழிக்கு வெள்ளைக் குஞ்சும் சாம்பல் குஞ்சும் பொரிச்சிருக்கு: ஆணை மாத்தவா?

கேள்வி (வெல்லாவெளி)

வணக்கம். நாலு புரோன்ஸ் வான்கோழிப் பேடும் ஒரு புரோன்ஸ் ஆணும் நிக்குது. 12 நாள் சேர்த்த 34 முட்டையை இன்கியூபேட்டரில வைச்சு 22 குஞ்சு பொரிச்சது. இப்ப பத்து வாரம். 15 புரோன்ஸ், 4 முழு வெள்ளை. மிச்சம் மூண்டும் ஒரு மாதிரிச் சாம்பல்: கோடு எல்லாம் புரோன்ஸ் போலத்தான், ஆனா அந்தச் செப்பு மினுக்கம் இல்ல.

பேடு வித்தவர் கலப்பில்லாத புரோன்ஸ் எண்டுதான் தந்தவர். அப்ப பிழை ஆணிலதானே? அதைக் கிறிஸ்மஸுக்கு இறைச்சிக்குக் குடுத்திட்டு வேற ஆண் எடுக்க யோசிக்கிறன். பேடுகளை வைச்சிருக்கலாமா?

இன்னொண்டு. புரோன்ஸ் குஞ்சுகளிலயும் மூண்டுக்குச் செட்டையில அகலமா ஒரு வெள்ளைப் பட்டை விழுந்திருக்கு. அதுவும் இதே பிரச்சினையா?

பதில் (களுவாஞ்சிக்குடி)

இன்கியூபேட்டர் சூடு கூடியிருக்கும் அண்ணா. கச்சான் காத்து நேரத்தில அறையே கொதிக்கும். அதால நிறம் வெளிறியிருக்கலாம்.

பதில் (ஏறாவூர்)

சூடு கூடினால் குஞ்சு நேரத்துக்கு முந்திப் பொரிக்கும், தொப்புள் மூடாது, கால் விரியும். நிறம் மாறாது.

வான்கோழியின் வெள்ளை பின்னிடைவான பரம்பரையலகு. தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று, இரண்டும் சேர்ந்தால்தான் குஞ்சு வெள்ளையாகும். ஒன்று மட்டும் உள்ள பறவையைக் காவி (வெள்ளையை ஒளித்துக் காவுவது) என்போம். அது சாதாரண புரோன்ஸாகவே இருக்கும். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. அப்படிப்பட்ட இரண்டு பறவைகள் இணைந்தால் நாலுக்கு ஒன்று வெள்ளை. ஆகவே உங்கட ஆணும் காவி, பேடுகளில் குறைந்தது ஒன்றும் காவி. ஆணை மட்டும் மாற்றினால் பேட்டில் உள்ளது அப்படியே கிடக்கும்.

பதில் (அக்கரைப்பற்று)

தம்பி, ஆணில கத்தி வைக்க முதல் அஞ்சு விசயம் சொல்லுங்க.

வெள்ளைக் குஞ்சின்ர கண் கறுப்பா, சிவப்பா? நாலும் ஒரே பாலா? சாம்பல் மூண்டும் ஆணா பேடா? முட்டையைப் பேடு பேடாப் பிரிச்சு வைச்சீங்களா? எல்லாத்துக்கும் மேல, பேடுகள் உங்கட வளவுக்கு வந்து எத்தனை நாளில இந்த முட்டை சேர்த்தீங்க, அதுக்கு முதல் அதுகளோட எந்த ஆண் நிண்டது?

மறுமொழி (வெல்லாவெளி)

கண் கறுப்பு, காக்கா. வெள்ளையில ரெண்டு ஆண், ரெண்டு பேடு. சாம்பல் மூண்டும் பேடு போலத்தான் கிடக்கு, மூக்குத் தசையும் சின்னன். முட்டை பிரிக்கேல்ல, எல்லாம் ஒரே கூடு. பேடு வந்து 14ஆம் நாளில இருந்து முட்டை சேர்த்தன். வித்தவரிட்ட ஒரு பெரிய வெள்ளை ஆண் இதுகளோடதான் மேஞ்சது. என்ர ஆண் வேற இடத்தில வாங்கினது.

பதில் (அக்கரைப்பற்று)

அந்த வெள்ளை ஆணிலதான் கதையே இருக்கு.

வான்கோழிப் பேட்டின்ர முட்டைக்குழாயில விந்தைச் சேமிச்சு வைக்கிற நுண்ணிய குழல்கள் இருக்கு. ஒருக்கா இணைஞ்சா ஆறு ஏழு வாரத்துக்கும் மேல கருக்கட்டின முட்டை வரும். நாட்டுக்கோழியில ரெண்டு மூண்டு வாரத்தில முடிஞ்சுபோற கணக்கை இதில போடக் கூடாது. நீங்க 14ஆம் நாளில தொடங்கி 25ஆம் நாள் வரைக்கும் சேர்த்தீங்க. புது ஆணும் மிதிச்சிருக்கும், ஆனா பழைய ஆணின்ர விந்தும் உள்ளுக்க கிடந்திருக்கும். 22 குஞ்சுக்கும் தகப்பன் யாரெண்டு இப்ப சொல்ல ஏலாது.

ஏறாவூர்த் தம்பியின்ர விதி சரி, ஆணைக் குற்றவாளியாக்கினதுதான் அவசரம். வெள்ளைக் குஞ்சு வந்ததால நிச்சயமாத் தெரியிறது ஒண்டுதான்: பேடுகளில குறைஞ்சது ஒண்டு காவி. தகப்பன் உங்கட ஆணா இருந்தாலும் அந்த வெள்ளை ஆணா இருந்தாலும், பேடு தன்ர பங்கைக் குடுக்காம வெள்ளை வராது. நீங்க வைச்சிருக்கப் போறன் எண்டு சொன்ன பக்கத்திலதான் பிழை உறுதி. வெட்டப்போற ஆணில ஒண்டும் உறுதியில்ல.

கண் கறுப்பு, ரெண்டு பாலிலயும் வந்திருக்கு எண்டபடியால் இது சாதாரண வெள்ளை. கண் சிவந்து, பார்வை மங்கி, வந்தது எல்லாம் பேடா இருந்தா அது பாலோட ஒட்டின வெளிறல். அந்தக் குஞ்சுகள் அனேகமாப் பிழைக்காது.

இனிச் சாம்பல். நீங்க சொல்ற அடையாளம் நரகான்செட் நிறம். அமெரிக்காவில ரோட் ஐலண்ட் பக்கம் உள்ள குடாவின்ர பேர் அது. 1874ஆம் ஆண்டே அங்கத்த இனத் தரநூலில புரோன்ஸோட சேர்ந்து வந்திட்டுது. இதுவும் பின்னிடைவானது, ஆனா ஆணா பேடா எண்டு தீர்மானிக்கிற இலிங்க நிறமூர்த்தத்தில இருக்கு. அதுக்குப் பேர் இசட். பறவையில ஆணுக்கு இசட் ரெண்டு, பேட்டுக்கு இசட் ஒண்டுதான். அதால பேடு இதை ஒளிக்க ஏலாது: இருந்தா நிறத்தில காட்டும், காட்டாட்டி இல்ல. ஒளிக்கிறது ஆண் மட்டும். புரோன்ஸ் பேட்டோட ஒளிச்சு வைச்ச ஆண் இணைஞ்சா, பேட்டுக் குஞ்சில பாதி சாம்பல், ஆண் குஞ்சு எல்லாம் புரோன்ஸ். உங்கட மூண்டும் பேடு எண்டது இதோட பொருந்துது.

அப்ப ஆண்தானே எண்டு கேப்பீங்க. ஓம், ஒரு ஆண்தான், ஆனா எந்த ஆண்? வெள்ளைப் பறவை தன்ர உடம்பில இருக்கிற மற்ற எல்லா நிறத்தையும் மூடி மறைக்கும். அந்த வெள்ளை ஆணுக்குள்ள நரகான்செட் இருந்தா வெளியில தெரியாது. புரோன்ஸ் பேட்டில போடேக்க பேட்டுக் குஞ்சில வெளிய வரும். வெள்ளை, சாம்பல் ரெண்டுக்கும் அந்த ஒரு ஆளே காரணமா இருக்கலாம்.

மறுமொழி (வெல்லாவெளி)

சரி காக்கா, ஆண் தப்பிச்சுது. இனி எப்பிடிச் சோதிக்கிற? பேடு வந்து 18 கிழமையாகுது, திரும்ப முட்டை போடத் தொடங்கியிருக்கு. அடைக்கிறதுக்கு ரெண்டு கூடுதான் இருக்கு.

பதில் (அக்கரைப்பற்று)

18 கிழமை எண்டா பழைய விந்து முடிஞ்சுது. இனி வாறது எல்லாம் உங்கட ஆணின்ர பிள்ளைதான். இந்த முறை பிரிச்சு வையுங்க.

பெரிய கூட்டைத் தகரமும் கம்பி வலையும் வைச்சு நாலு அறையாக்குங்க, ஒரு அறை 4 அடிக்கு 4 அடி போதும். ஒவ்வொரு அறையிலயும் வைக்கோல் போட்ட முட்டைப் பெட்டி. பேட்டுக்கு அ, ஆ, இ, ஈ எண்டு பேர் வைச்சு நாலு நிற வளையம் போடுங்க. காலமையில அறைக்குள்ள விட்டு, முட்டை போட்ட பிறகு திறந்து விடலாம். ரெண்டாவது கூடு ஆணுக்கு. விந்து சேமிப்பு இந்த இடத்தில எங்களுக்கு உதவி: ஆணைக் கிழமையில ஒருக்கா ஒரு பேட்டோட விட்டாலே போதும்.

முட்டையில பேட்டின்ர எழுத்தையும் திகதியையும் பென்சிலால எழுதுங்க, மார்க்கர் வேணாம். ஓட்டில இருக்கிற புள்ளியைப் பார்த்து இது இன்ன பேட்டின்ர எண்டு ஊகிக்காதீங்க. 12 நாள் சேர்த்ததும் கூட. எங்கட வெக்கைக்கு அஞ்சு நாள், மிஞ்சினா ஏழு. பிரிஜ்ஜுக்குள்ள வைச்சா குளிர் கூடிக் கரு செத்துப்போகும். ஈர மணல் போட்ட அகல மண்சட்டிக்குள்ள இன்னொரு சட்டி வைச்சு, அதில முட்டையின்ர கூர்ப்பக்கம் கீழ வரும்படி அடுக்கி, நிழலில வையுங்க.

அடை 28 நாள், காத்தாடி உள்ள பெட்டியில 37.5 பாகை. 25ஆம் நாள் புரட்டலை நிப்பாட்டி, ஒவ்வொரு பேட்டின்ர முட்டையையும் மூடி உள்ள வேற வேற வலைக் கூடைக்குள்ள மாத்துங்க. ஒண்டு தாவி மத்தக் கூடைக்குள்ள விழுந்தா முழுக் கணக்கும் போச்சு. பொரிக்காம ஓட்டுக்குள்ள செத்ததையும் உடைச்சுப் பாருங்க. கடைசிக் கிழமையில செத்த குஞ்சில மயிர் நிறம் வடிவாத் தெரியும், அதுவும் எண்ணிக்கையில சேரும். போனமுறை 12 முட்டையை உடைக்காம எறிஞ்சிருந்தா அவ்வளவு தகவலும் குப்பைக்குப் போயிட்டுது.

முடிவை இப்பிடி வாசியுங்க. எந்தப் பேட்டின்ர கூடையிலயாவது ஒரு வெள்ளை வந்தாலும் ஆண் காவி, அந்தப் பேடும் காவி. வெள்ளை வராட்டி உடனே துள்ளாதீங்க. ரெண்டு காவி இணைஞ்சாலும் ஒரு குஞ்சு நிறமா வாறதுக்கு நாலில மூண்டு வாய்ப்பு இருக்கு. 99 வீதம் நம்ப ஒரு பேட்டில இருந்து தொடர்ந்து 17 நிறக் குஞ்சு வேணும்.

பதில் (ஏறாவூர்)

திருத்தியதற்கு நன்றி காக்கா, சேமிப்பை நான் யோசிக்கவில்லை. 17ஐக் குறைக்க ஒரு வழி இருக்கிறது. அந்த நாலு வெள்ளைக் குஞ்சையும் விற்காதீர்கள். வெள்ளைப் பறவையிடம் கொடுக்க வெள்ளையைத் தவிர வேறு இல்லை. காவியோடு இணைந்தால் பாதி வெள்ளை வர வேண்டும். ஒரு வெள்ளைப் பேடு ஏழெட்டு மாதத்தில் முட்டை போடும். அதை உங்கட ஆணோடு விட்டு ஏழு குஞ்சும் நிறமாக வந்தால் ஆணை நம்பலாம்: காவி ஆணுக்கு அப்படி வரும் வாய்ப்பு 128இல் 1தான். தகப்பனும் மகளுமாக இருந்தாலும் பரவாயில்லை, அந்தக் குஞ்சுகள் இறைச்சிக்குத்தான்.

பேடுகளைச் சோதிக்க வெள்ளைச் சேவல் குஞ்சு ஒன்றை வளர்த்தெடுங்கள். அதை விடும் முன் பழைய ஆணின் விந்து தீர வேண்டும். பேடுகளைத் தனியே வைத்து, அடையில் 10ஆம் நாள் லைட் பிடித்துப் பாருங்கள். தொடர்ந்து ஒரு வாரத்து முட்டை முழுவதும் வெறுமையாக இருந்தால் தீர்ந்தது.

அயலில் வெள்ளைப் பேடு இரவல் வாங்குவதென்றாலும் இதே காத்திருப்புத்தான். வெள்ளை ஆணோடு நின்ற பேடு வந்து வெள்ளைக் குஞ்சு போட்டால் பழி மறுபடியும் உங்கட ஆணில்தான் விழும்.

பதில் (அக்கரைப்பற்று)

லைட் பிடிக்கேக்க ஒரு எச்சரிக்கை. வான்கோழியில ஆணே இல்லாம முட்டைக்குள்ள கொஞ்சம் வளர்ச்சி தொடங்கிறது உண்டு. 1950களில அமெரிக்காவில பெல்ஸ்வில் ஆராய்ச்சி நிலையத்தில அங்கத்த சின்ன வெள்ளை இனத்தில இதைக் கண்டு, அப்பிடி வந்த சில குஞ்சைப் பொரிக்கவும் வைச்சவங்க. வந்தது எல்லாம் ஆண். அனேகமா ஒழுங்கில்லாத ஒரு சவ்வு மட்டும்தான் தெரியும், இரத்த நரம்பு வலை இராது. அதைப் பார்த்து விந்து தீரேல்ல எண்டு நினைக்காதீங்க.

சாம்பலுக்குத் தனிச் சோதனை தேவையில்ல. இந்த முறை வாற பேட்டுக் குஞ்சுகளைப் பாருங்க, வெள்ளையை எண்ண வேணாம். ஏழு பேடும் புரோன்ஸா இருந்தா ஆண் அதில சுத்தம். பொரிச்ச அண்டைக்கே முடிவெடுக்காதீங்க, மயிர்ப் பருவத்தில சாம்பலும் புரோன்ஸும் கிட்டத்தட்ட ஒண்டு போலத்தான். வெள்ளையும் அப்பிடித்தான்: மஞ்சளாப் பொரிக்கிறது எல்லாம் வெள்ளையாகாது. ரோயல் பாம் எண்ட வான்கோழி இனத்தின்ர குஞ்சும் மஞ்சள்தான், இறகு வரேக்கதான் கறுப்பு ஓரம் தெரியும்.

பதில் (சம்மாந்துறை)

நிறத்தைப் பற்றி எல்லாரும் கதைச்சாச்சு, செட்டைப் பட்டையை ஒருத்தரும் தொடேல்ல. தம்பி, குஞ்சுக்கு என்ன தீன்?

மறுமொழி (வெல்லாவெளி)

முதல் ரெண்டு கிழமை புரொய்லர் ஸ்டார்ட்டர். பிறகு தவிடும் தேங்காய்ப் புண்ணாக்கும், கொஞ்சம் லேயர் மாஷ்.

பதில் (சம்மாந்துறை)

அதுதான் காரணம். புரோன்ஸுக்குப் பறக்கிற இறகில கறுப்பு வெள்ளைக் கோடு இயல்பா இருக்கும். அது மெல்லிசு, இறகு முழுக்க ஒரே இடைவெளியில போகும். நீங்க சொல்றது எல்லா இறகிலயும் ஒரே மட்டத்தில ஒரு அகலப் பட்டை. அது லைசின் (புரதத்தில இருக்கிற ஒரு கூறு) குறைவு. லைசின் போதாத நாளில வளர்ந்த துண்டுக்கு மட்டும் கறுப்பு ஏறாது. தேங்காய்ப் புண்ணாக்கில லைசின் கடுமையாக் குறைவு. பரம்பரைக்கும் இதுக்கும் சம்பந்தமில்ல, அந்த மூண்டையும் இதுக்காகக் கழிக்காதீங்க.

வான்கோழிக் குஞ்சுக்கு முதல் நாலு கிழமை 28 வீதப் புரதம், 1.6 வீத லைசின் வேணும். 22 வீத புரொய்லர் ஸ்டார்ட்டர் 8 கிலோ, 60 வீத மீன்தூள் 1 கிலோ, 44 வீத சோயாப் புண்ணாக்கு 1 கிலோ கலந்தா சரியா 28 வரும். மீன்தூளுக்குப் பதிலா உப்புக் கருவாட்டை இடிச்சுப் போடாதீங்க, குஞ்சு உப்பிலயே சாகும். எட்டாம் கிழமைக்குப் பிறகு 22 வீதம் காணும், அதால இப்ப நிக்கிறதுக்கு வெறும் ஸ்டார்ட்டரே போதும். விழுந்த பட்டை அழியாது. அடுத்த இறகு முளைக்கேக்க கறுப்பா வரும்.

மழை தொடங்க முதல் இன்னொண்டு. சோதனைக்கு வளர்க்கிற வெள்ளைக் குஞ்சுகளை நாட்டுக்கோழி மேஞ்ச நிலத்தில விடாதீங்க. கோழியின்ர குடல்புழு முட்டையோட கருந்தலை நோய்க் கிருமி மண்ணில கிடக்கும். கோழிக்குப் பெரிசா ஒண்டும் செய்யாது, வான்கோழியைக் கொல்லும். எச்சம் கந்தக மஞ்சளாப் போனா உடனே பிரிச்சு மிருக வைத்தியரிட்டக் காட்டுங்க.

மறுமொழி (வெல்லாவெளி)

ஆண் நிக்கட்டும். இப்ப இருக்கிற 15 புரோன்ஸ் குஞ்சில நல்லதாப் பார்த்து ரெண்டு பேட்டை இனத்துக்கு எடுக்கலாமா?

பதில் (அக்கரைப்பற்று)

வேணாம். தகப்பன் வெள்ளை ஆண் எண்டா அந்தக் குஞ்சு கட்டாயம் காவி. தகப்பன் உங்கட ஆண் எண்டாலும் காவியாகிறதுக்கு நல்ல வாய்ப்பு இருக்கு. எது எதெண்டு பார்த்துச் சொல்ல ஏலாது. அந்த 15ஐக் கிறிஸ்மஸுக்குக் குடுங்க.

வளையம் பிளாஸ்டிக் கட்டு நாடா எண்டா, குஞ்சுக்குக் கிழமைக்கு ஒருக்கா வெட்டி மாத்துங்க. கால் தடிக்கிற வேகத்துக்கு அது சதையில இறங்கிடும்.