பாட்டுக்காகப் போன கூட்டம்

உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். நான் அந்தப் பேரணிக்குப் போனது கொள்கைக்காக அல்ல, பாட்டுக்காக. நண்பன் ஒருவன் அந்த இயக்கத்தில் தன்னார்வலன். வாடகைக்குக் குடியிருப்பவர்களை முன்னறிவிப்பு இல்லாமல் வெளியேற்றக் கூடாது என்பது அவர்கள் கோரிக்கை. "பேச்சு உனக்கு அலுப்பா இருந்தா இருக்கட்டும்டா, நடுநடுவுல நல்ல பேண்ட் ஒண்ணு வாசிக்குது, வா" என்றான். நானும் வாடகை வீட்டில்தான் இருக்கிறேன். ஆனாலும் என்னை எழுந்து போக வைத்தது பேண்ட்தான்.

ஊர்வலம் வந்து சேரும் மைதானத்துக்குக் கொஞ்சம் தாமதமாகப் போனேன். கடைசியில்தான் இடம் கிடைத்தது. மேடையில் டிரம்மர் குச்சியை இறக்குவது முதலில் கண்ணுக்குத் தெரிகிறது, சத்தம் அப்புறம் வந்து சேர்கிறது. ஒலி வினாடிக்கு ஏறக்குறைய 340 மீட்டர்தான் ஓடும் என்று பள்ளியில் படித்ததை அன்றைக்குத்தான் உடம்பால் புரிந்துகொண்டேன். நூறு மீட்டர் தள்ளி நின்றால் கிட்டத்தட்ட 0.3 வினாடி பிந்திவிடுகிறது. முழக்கம் போடும்போது இது வேடிக்கையாக இருந்தது. முன்வரிசை கோஷத்தை முடித்து மூச்சு வாங்கும்போது நாங்கள் பின்னால் இன்னும் அதே சொல்லில் இருந்தோம். கைதட்டலும் அப்படித்தான், அலை மாதிரி பின்னால் உருண்டு வந்து எங்கள் மேல் விழுந்தது.

கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்துவிட்டு, கூட்டத்தின் நடுவில் தார்ப்பாய் கட்டி ஒலியைக் கலந்து சரிசெய்யும் மிக்ஸர் வைத்திருந்த இடத்துக்கு நகர்ந்தேன். சவுண்ட் பார்க்கிறவர் எந்த இடத்திலிருந்து கேட்டுச் சரிசெய்கிறாரோ அங்கேதான் ஒலி ஒழுங்காக இருக்கும் என்பது என் கணக்கு. கணக்கு சரியாகவே இருந்தது. நடுவயதுக்காரர், கழுத்தில் ஹெட்ஃபோன், கையில் டார்ச். நான் பின்வரிசைக் கதையைச் சொன்னதும், "பிந்துறதை ஒண்ணும் பண்ண முடியாது. நடுவுல இன்னொரு ஜோடி ஸ்பீக்கர் வெச்சு, மேடைச் சத்தத்தோட சேர்ந்து வர்ற மாதிரி அதுக்குத் தாமதம் குடுத்திருந்தா தெளிவாவாவது கேட்டிருக்கும். காசு இல்லைன்னுட்டாங்க" என்றார். அவ்வளவுதான், அன்று முழுக்க அவர் பக்கத்திலேயே நின்றேன்.

முதல் இரண்டு பேச்சாளர்களைப் பற்றி எழுத அதிகமில்லை. இருவரும் இந்தப் பிரச்சினையில் பல வருடம் உழைத்தவர்கள், சட்டம் தெரிந்தவர்கள். ஒருவர் "இன்னும் இரண்டே நிமிடம்" என்று மூன்று முறை சொன்னார். மூன்றாவது முறை சொன்னபோது என் பக்கத்தில் நின்றவர் கைபேசியில் நேரம் பார்த்துவிட்டு எனக்கும் காட்டினார். பன்னிரண்டு நிமிடம் ஆகியிருந்தது. கூட்டத்தின் கவனம் முகத்துக்கு முன்பே காலில் தெரிந்துவிடுகிறது. எடையை இந்தக் காலிலிருந்து அந்தக் காலுக்கு மாற்ற ஆரம்பித்தார்கள் என்றால் பேச்சாளர் முடித்துவிடுவது நல்லது.

அப்புறம் பேண்ட் வந்தது. மூன்று பாட்டு. அவர்களுடைய வழக்கமான பாட்டுகளை நான் முன்பே கேட்டிருக்கிறேன், வரிகள் கொஞ்சம் சுற்றி வளைக்கும். இங்கே அப்படிப் பாடவில்லை. ஒரு வரியைப் பாடகி தனியாகப் பாடுவார், அடுத்த வரி கூட்டத்துக்கு. அந்த வரியில் நாலே சொல். முதல் தடவை யாரும் வாய் திறக்கவில்லை, இரண்டாவது தடவை முனகினார்கள், மூன்றாவது தடவை எனக்கு முன்னால் தோளில் குழந்தையோடு நின்றவர் கத்திப் பாடினார். பன்னிரண்டு நிமிடத்தில் பேச்சால் முடியாததை ஒரே நிமிடத்தில் பாட்டு செய்துவிட்டது என்று எனக்கு உள்ளுக்குள் ஒரு வெற்றிச் சிரிப்பு. பாட்டுக்காக வந்தவன் இல்லையா.

இதைச் சவுண்ட் அண்ணனிடமும் சொன்னேன். அவர் பதிலுக்கு ஒரு கதை சொன்னார். 1963 ஆகஸ்ட் 28, அமெரிக்காவில் கறுப்பின மக்களின் உரிமைக்காக நடந்த வாஷிங்டன் பேரணி. இரண்டரை லட்சம் பேர். மார்ட்டின் லூதர் கிங் பேசியது எல்லாருக்கும் தெரியும். பாப் டிலனும் ஜோன் பயஸும் பாடியதுகூடப் பலருக்குத் தெரியும். அதற்கு முந்தைய நாள் அங்கே வைத்திருந்த ஒலிபெருக்கி அமைப்பை யாரோ நாசம் செய்துவிட்டார்கள். அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் பிரிவு ஆட்கள் வந்துதான் சரிசெய்தார்கள். "பேசினவரைத் தெரியும், பாடினவங்களைத் தெரியும். ஒயரைச் சேர்த்தவன் பேரு எவனுக்காவது தெரியுமா?" என்றார். தொழில் வருத்தம்தான். ஆனால் கிங் பேசிக்கொண்டிருந்தபோது, சற்று முன்பு அதே மேடையில் பாடியிருந்த மஹாலியா ஜாக்சன் பின்னாலிருந்து அந்தக் கனவைப் பற்றிச் சொல்லுங்கள் என்று குரல் கொடுத்ததையும் அவர்தான் சொன்னார். அதை எதற்குச் சொன்னார் என்று அப்போது எனக்குப் பிடிபடவில்லை.

மூன்றாவதாகப் பேச வந்தவர் ஐம்பது வயதைத் தாண்டிய ஒரு பெண். போஸ்டரில் அவர் படம் இல்லை. கையில் நாலாக மடித்த தாள். காற்றில் பறக்காமல் இருக்கக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டு படித்தார். எழுத்தைப் பெரிது பெரிதாக எழுதியிருக்க வேண்டும், நாலு வரிக்கு ஒருமுறை மடிப்பைத் திருப்பினார். மைக்கிலிருந்து ஒரு முழம் தள்ளி நின்றதால் குரல் கேட்கவில்லை. அண்ணன் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடரை ஏற்றினார். மைக் கீச்சென்று அலறியது. அந்த அம்மா ஓர் அடி பின்வாங்கி, மைக்கைப் பார்த்து, "நான் கத்தலைங்க, இதுதான் கத்துது" என்றார். கூட்டம் சிரித்தது. அந்தச் சிரிப்போடு தாளை மடித்து முந்தானைக்குள் செருகிக்கொண்டார். மைக்கின் அருகில் வந்து தானாகப் பேச ஆரம்பித்தார்.

வேலை முடிந்து திரும்பியபோது வீட்டுக் கதவில் வேறு பூட்டு தொங்கியிருக்கிறது. சாமான் எல்லாம் உள்ளே. "பாத்திரம் போனா போகட்டும். என் பொண்ணோட புத்தகப்பை உள்ள இருந்துச்சு, மறுநாள் பரீட்சை." பக்கத்து வீட்டுப் பிள்ளையின் புத்தகத்தை இரவல் வாங்கி, மாடிப்படியில் விளக்கடியில் உட்கார்ந்து படித்த கதையை நிதானமாகச் சொன்னார். குரல் உயரவே இல்லை. அந்த இரவுக்குப் பிறகுதான் அதே தெருவில் வீடு வீடாகப் போய் வாடகை ரசீது வாங்கி வைத்துக்கொள்ளச் சொல்ல ஆரம்பித்தாராம். அதுதான் அவர் இயக்கத்துக்குள் வந்த வழி.

இந்த இடத்தில் நடந்த ஒரு சின்ன விஷயத்துக்காகத்தான் இதை எழுதுகிறேன். அடுத்த பாட்டுக்காகப் பேண்ட் ஆட்கள் அவருக்குப் பின்னால் வந்து தயாராக நின்றிருந்தார்கள். ஸ்னேர் டிரம்மின் அடியில் உள்ள கம்பிகள், மேடை ஸ்பீக்கரில் அந்த அம்மா குரல் வரும்போதெல்லாம் சேர்ந்து சலசலத்தன. அண்ணன் டார்ச்சை இரண்டு தடவை அணைத்துக் காட்டினார். டிரம்மர் புரிந்துகொண்டு பக்கத்திலிருந்த நெம்புகோலைத் தட்டிக் கம்பியைத் தளர்த்தினார். சலசலப்பு நின்றது. அப்போது கீபோர்டுக்காரர் மெல்ல ஒரு சோக ஸ்வரத்தைப் பிடித்தார். தொலைக்காட்சியில் யாராவது அழும்போது பின்னால் ஓடுமே, அந்த மாதிரி. அண்ணன் விரல் ஒரே இழுப்பில் கீபோர்டின் ஃபேடரைக் கீழே கொண்டுபோய்விட்டது. கீபோர்டுக்காரர் வாசித்துக்கொண்டேதான் இருந்தார். ஆனால் மைதானத்தில் எங்களுக்கு அது விழவில்லை. நான் அவரைப் பார்த்தேன். "அழ வைக்கிறதுக்கு அவங்களுக்கு ஆள் தேவையில்லை தம்பி" என்றார், மேடையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

அவர் பேசியது ஆறு நிமிடம் இருக்கும். யாரும் கால் மாற்றவில்லை.

மற்றவை எல்லாம் வழக்கம்போல. தொகுப்பாளர் ஐம்பதாயிரம் பேர் திரண்டிருப்பதாக மைக்கில் அறிவித்தார். அண்ணன் சிரித்தார். நான் பிறகு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஹெர்பர்ட் ஜேக்கப்ஸ் என்ற பத்திரிகைத் துறைப் பேராசிரியர் 1960களில் பெர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர் கூட்டங்களைப் பார்த்து உருவாக்கிய வழி ஒன்று இருக்கிறது. நெருக்கம் இல்லாத கூட்டத்தில் ஒருவருக்குப் பத்து சதுர அடி, நெருங்கி நின்றால் நாலரை. மைதானத்தைக் காலால் அளந்து, பரப்பை இதால் வகுத்தால் பத்தாயிரம்கூடத் தேறவில்லை. அதுவும் சின்னக் கூட்டம் இல்லையே, ஏன் ஊதிச் சொல்ல வேண்டும்?

கடைசிப் பாட்டுக்கு எல்லோரும் முன்னால் நகர்ந்தார்கள். தடுப்பு அருகே நெரிசல் ஆனது. ஒரு சதுர மீட்டரில் ஐந்து பேருக்கு மேல் போனால் நம் உடம்பு நம் சொல்பேச்சு கேட்காது, கூட்டம் தள்ளும் பக்கம்தான் போகும். பாடகி அதை மேடையிலிருந்தே கவனித்துவிட்டார். பாட்டைப் பாதியில் நிறுத்தி, "எல்லாரும் ரெண்டு அடி பின்னால வாங்க, நான் எங்கயும் போகலை" என்று சொல்லி, நகர்ந்த பிறகுதான் மறுபடி ஆரம்பித்தார்.

முடிந்ததும் என் காது ரீங்காரமிட்டது. நூறு டெசிபலில் பதினைந்து நிமிடத்துக்கு மேல் நிற்கக் கூடாது என்பார்கள், நான் பஞ்சுகூடக் கொண்டுபோகவில்லை. கூட்டம் கலையும் வரை சும்மா நிற்பானேன் என்று அண்ணனுக்குக் கேபிள் சுருட்டிக் கொடுத்தேன். முழங்கையில் சுற்றினேன், திட்டு விழுந்தது. ஒரு சுற்று மேலாக, அடுத்த சுற்று உள்பக்கமாகத் திருப்பி விட வேண்டும், அப்போதுதான் அடுத்த முறை வீசினால் முறுக்கு விழாமல் நேராக ஓடும் என்று பிடித்துக் காட்டினார். எட்டுக் கேபிளில் மூன்று ஒழுங்காக வந்தது. மீதி ஐந்தையும் அவர் பேசாமல் பிரித்து மறுபடி சுருட்டினார்.

நண்பன் வந்து, "பேண்ட் எப்படிடா?" என்றான். நன்றாக இருந்தது என்றேன். அந்தப் பூட்டுக் கதையைச் சொன்ன அம்மா மறுபடி எப்போது பேசுவார் என்று கேட்டு, தேதியைக் குறித்துக்கொண்டேன்.