அப்டேட்: சோடா மெஷின் டியூப் கழுவ நானே செஞ்ச பம்ப்

கும்பகோணத்துல நம்ம கடை சோடா மெஷின் டியூப்ல வழவழன்னு படியுது, வயலுக்கு மருந்தடிக்கிற பழைய பம்ப்ப வச்சு கழுவலாமான்னு கேட்டிருந்தேன்ல, நீங்க திட்டுனது நியாயம்தான், எத்தனை தடவ அலசியும் மருந்து வாடை போகல. அதனால செடிக்குத் தெளிக்கிற 2 லிட்டர் கைபம்ப் புதுசா வாங்கி, தெளிக்கிற முனைய (நாசில்) கழட்டிட்டு, டியூப் நுனிய வெந்நீர்ல முக்கி சொருகி கிளிப் போட்டேன். முதல்ல கிளிப்ப சரியா முறுக்கல, பிச்சிக்கிட்டு வந்து மூஞ்சியிலயே அடிச்சுது, நல்லவேளை வெறும் தண்ணி (மாமா இன்னும் சிரிச்சிட்டு இருக்காரு).

அப்புறம் சலவை சோடா கரைச்சு ஏத்தி, 15 நிமிஷம் ஊற விட்டுத் தள்ளுனா நன்னாரி கலர்ல கட்டி கட்டியா வருது, குமட்டிருச்சு. நல்ல தண்ணி விட்டு நல்லா அலசியாச்சு. ப்ளீச்சிங் பவுடர் போடுறவங்க அதோட ஆசிட்ட சேர்த்துராதீங்க, குளோரின் புகை வரும். வாஷர்ல மட்டும் லேசா ஒழுகுது, நாளைக்கு மாத்தணும்.