புதுப்பிப்பு: பேருந்துத் தடங்களை மாற்ற மக்கள் கருத்து, எது பலித்தது

தடங்களை மாற்றியமைக்கக் கருத்துக் கேட்டால் எல்லாரும் 'எங்க தெரு வழியா விடுங்க' என்றே சொல்கிறார்கள், என்ன செய்வது என்று கேட்டிருந்தேன். பதில் சொன்னவர்களுக்கு நன்றி.

பலித்தது, 'வரைபடத்தோடு இத்தனை பேருந்துதான் என்று கொடுத்து, அவர்களையே தடம் போடச் சொல்லுங்கள்' என்ற யோசனை. எல்லாத் தெருவுக்கும் விட்டால் அரை மணிக்கு ஒன்று. சராசரிக் காத்திருப்பு 15 நிமிடம். முக்கியச் சாலைகளில் மட்டும் 10 நிமிடத்துக்கு ஒன்று விட்டால் 5 நிமிடம்தான், ஆனால் கொஞ்சம் நடக்கணும். அவர்களே கணக்குப் போட்டதும் சண்டை பாதி அடங்கியது. இணையப் படிவம் உதவவில்லை. நிறுத்தத்தில் நின்று கேட்டதுதான் சரி.

எதிர்பாராதது: வண்டி மாறி ஏறுவதை யாரும் பெரிதாக எதிர்க்கவில்லை. மாறும் இடத்தில் சாலையைக் கடக்கத்தான் பயமாம். அதனால் நிறுத்தங்களைச் சந்திப்பை ஒட்டி நகர்த்தக் கேட்டிருக்கிறோம்.