'செம' என்றால் எந்த இடம் செம? ரீமிக்ஸுக்குக் கருத்து சொன்னதும் வாங்கியதும்

ரீமிக்ஸ் செய்பவர்கள் தங்களுக்கு வரும் கருத்துகளைப் பற்றிப் பேசும் இந்தத் திரியில் எழுதிய பலரும் ஒரே குறையைச் சொல்லியிருக்கிறீர்கள். ரீமிக்ஸ் போட்டால் பாதிப் பேர் 'செம ப்ரோ' என்கிறார்கள், மீதிப் பேர் 'நல்ல பாட்டைக் கெடுத்துட்டீங்க' என்கிறார்கள். எனக்கும் இரண்டும் நிறைய வந்திருக்கின்றன. இதை வைத்துக்கொண்டு ப்ராஜெக்ட் ஃபைலைத் திறந்தால் எந்த டிராக்கில் கை வைப்பது என்றே தெரியாது. நான் மதுரையில் பகல் வேலை முடித்துவிட்டு இரவில் எஃப்.எல். ஸ்டூடியோ என்ற இசை மென்பொருளைத் திறப்பவன், இசை என் தொழில் இல்லை. ஆனால் சிலர் சொன்ன ஒரு வரி நான் பாட்டுக் கேட்கும் விதத்தையே மாற்றியிருக்கிறது. நான் சொன்னதும் சிலருக்குப் பயன்பட்டிருக்கிறது. அவற்றை மட்டும் எழுதுகிறேன்.

முதலில் ஒரு தம்பி. 1980களில் வந்த ஒரு மெலடியை எடுத்து அடியில் ஹவுஸ் என்ற நடன இசையின் பீட் போட்டிருந்தார். கேட்டவர்கள் எல்லாரும் 'டிரம்ஸ் ஜாஸ்தி, குறைங்க' என்றார்கள். குறைத்தார். மறுபடியும் அதே பேச்சு. இன்னும் குறைத்து, குறைத்து, பீட் இருக்கிறதா இல்லையா என்று தேடும் அளவுக்கு வந்துவிட்டது, அப்போதும் 'ஏதோ இடிக்குது' என்றார்கள். நான் ஹெட்போன் போட்டுக் கேட்டேன். பல்லவி சரியாக இருந்தது. முதல் இண்டர்லூட் (இடையிசை) தாண்டியதும் தபலாவும் இவருடைய கிக்கும் (பெரிய டிரம்மின் அடி) மெல்ல மெல்ல விலகி, இரண்டாவது சரணத்தில் ஒரே அடி இரண்டு அடியாகக் கேட்டது. அந்தக் காலத்துப் பாட்டுகள் பலவும் வாத்தியக்காரர்கள் ஒன்றாக உட்கார்ந்து, நடத்துபவரின் கையைப் பார்த்து வாசித்துப் பதிவானவை. ஒரே வேகத்தில் டிக் டிக் என்று எண்ணும் கிளிக் டிராக் கிடையாது. சரணத்தில் வேகம் லேசாகக் கூடும், பல்லவிக்குத் திரும்பும்போது தளரும், அதுதான் அந்தப் பாட்டின் உயிர். மென்பொருள் 96 பி.பி.எம். (நிமிடத்துக்கு 96 அடி) என்று காட்டினால் அது வெறும் சராசரி.

'சத்தத்தை விடுங்க தம்பி, 2:40இல் இருந்து தபலாவை மட்டும் கவனிச்சுக் கேளுங்க' என்று எழுதினேன். ஒவ்வொரு தாள வட்டத்தின் தொடக்கத்திலும் குறி வைத்து, பீட்டைப் பாட்டுக்குத் தகுந்தபடி நீட்டியும் சுருக்கியும் கொண்டுவந்தார். பாட்டை மென்பொருளின் சீரான கட்டங்களான கிரிட்டுக்கு இழுக்காமல், கிரிட்டைப் பாட்டுக்கு வளைத்தார், அதற்காகவே அவரைப் பாராட்ட வேண்டும். அப்புறம் டிரம்ஸைப் பழைய அளவுக்கே ஏற்றினார். யாரும் ஜாஸ்தி என்று சொல்லவில்லை. கேட்பவருக்கு ஒன்று உறுத்துகிறது என்றால் அந்த உறுத்தல் உண்மை, அதை நம்பலாம். அதற்கு அவர் சொல்லும் மருந்தைத்தான் யோசித்து எடுத்துக்கொள்ள வேண்டும். இது புரிந்த பிறகு எனக்கு வரும் கருத்துகளை நான் படிக்கும் முறையே வேறாகிவிட்டது.

எனக்குக் கிடைத்ததில் பெரியது எங்கள் தெருவில் இருக்கும் ஒரு பெரியவரிடமிருந்து. கோயில் கச்சேரிகளில் நெடுநாள் மிருதங்கம் வாசித்தவர். கணினியில் செய்த பாட்டு என்றால் முகம் சுளிப்பார் என்று நினைத்தேன், அவரோ உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டு தொடையில் தாளம் போட ஆரம்பித்தார். கொஞ்ச நேரத்தில் கை நின்றது. 'தம்பி, சமம் எங்கே வச்சிருக்கே?' என்றார், அதாவது தாளம் தொடங்கும் அடி எங்கே என்று. பாட்டின் முதல் எழுத்தில்தான் கிக் விழுகிறது என்றேன். 'இந்தப் பாட்டுக்கு எடுப்பு அரை இடம் தள்ளிப்பா. தாளம் முதல்ல விழும், பாட்டு அப்புறம்தான் வரும். நீ பாட்டு ஆரம்பிக்கிற இடத்தையே சமம்னு வச்சுட்டே, அதான் முழுப் பாட்டும் கால் மாறி நடக்குது' என்றார்.

எடுப்பு என்பது பாட்டு தொடங்கும் இடம். தாளம் விழுந்த பிறகு பாட்டு வந்தால் அது அனாகத எடுப்பு என்று பாடம் படித்தவர்களுக்குத் தெரியும். ரீமிக்ஸ் செய்பவர்கள் இதில் ஒரு நிமிடம் நின்று பாருங்கள். குரலை மட்டும் பிரித்தெடுத்த ஃபைலைப் போட்டால், அதில் முதலில் கேட்கும் அசையையே பல மென்பொருள்கள் முதல் அடியாக எடுத்துக்கொள்கின்றன. பின்னணி இசை இல்லாததால் நமக்கும் சந்தேகம் வராது. மூலப் பாட்டை ஒருமுறை போட்டு, பாடகர் வருவதற்கு முன்னால் தபலாவோ மிருதங்கமோ எங்கே விழுகிறது என்று கேட்டாலே போதும். பெரியவர் சொன்னபடி கிக்கை அரை இடம் முன்னால் நகர்த்தினேன். வேறு எதையும் தொடவில்லை, ஒரு சின்த் (மின்னணு வாத்திய ஒலி) கூட மாற்றவில்லை. அந்தப் பாட்டு எழுந்து நடந்தது! 'கம்ப்யூட்டர்ல பண்ணினாலும் தாளம் தாளம்தான்' என்று அவர் சொன்னதை இப்போதும் நினைத்துக்கொள்கிறேன்.

பேஸ், அதாவது அடி ஒலி விஷயத்துக்கு வருகிறேன், இங்கேயும் அதைப் பற்றி ஒரு சண்டையே நடந்திருக்கிறது. ஒருவர் 'பேஸே இல்லை' என்கிறார், அடுத்தவர் 'பேஸ் காதைக் கிழிக்குது' என்கிறார், இரண்டும் ஒரே ரீமிக்ஸைப் பற்றி. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. முதலாமவர் ஃபோன் ஸ்பீக்கரில் கேட்டிருப்பார், 50 ஹெர்ட்ஸில் போட்ட மிகத் தாழ்ந்த சப் பேஸ் அந்தச் சின்ன ஸ்பீக்கரில் வரவே வராது. இரண்டாமவர் காரில் கேட்டிருப்பார். அதனால் கருத்து சொல்லும்போது எதில் கேட்டீர்கள் என்பதைத் தயவுசெய்து சேர்த்து எழுதுங்கள். செய்பவர்களும் பேஸுக்கு மேலே லேசாக டிஸ்டார்ஷன் (ஒலியைக் கரகரப்பாக்குவது) கொடுத்தால் அதன் மேல் ஒலிகள் கூடும், ஃபோனிலும் பேஸ் இருப்பது தெரியும்.

இதோடு சேர்ந்த இன்னொன்று, பழைய வெர்ஷனையும் புதிய வெர்ஷனையும் போட்டு 'எது நல்லா இருக்கு' என்று கேட்பது. சத்தம் கூடுதலாக இருப்பதையே ஜனங்கள் தேர்ந்தெடுப்பார்கள். சத்தத்தைக் குறைத்து வைத்துக் கேட்கும்போது அடி ஒலிகள் நம் காதுக்குக் குறைவாகவே எட்டுகின்றன, சத்தம் ஏற ஏற பேஸ் தானாக நிறைந்துவிடும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1933இலேயே இதை அளந்து வெளியிட்டார்கள். இரண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துவிட்டுக் கேளுங்கள், ஸ்பாட்டிஃபை வழக்கமாக வைத்திருக்கும் -14 எல்.யு.எஃப்.எஸ். (சத்தத்தை அளக்கும் அலகு) நல்ல அளவு. அப்போது வரும் பதிலைத்தான் நான் மதிப்பேன்.

இனி நான் கருத்து சொல்லப் போய்க் கற்றுக்கொண்டு வந்த ஒன்று. ஒரு பெண், இசைக் கல்லூரி மாணவி, கல்யாணி ராகத்தில் அமைந்த ஒரு பாட்டை மெதுவான ரீமிக்ஸாகச் செய்திருந்தார். அருமையான வேலை, ரிவெர்ப் (எதிரொலி) எல்லாம் அளவோடு. ஆனால் பின்னால் நீளமாகப் பிடிக்கும் சின்த் கார்டில் (சேர்ந்து ஒலிக்கும் சுரங்களில்) சுத்த மத்யமம், அதாவது கீழ் 'ம' இருந்தது. கல்யாணிக்கு அதைவிட அரை சுரம் மேலே உள்ள பிரதி மத்யமம். குரல் அந்தச் சுரத்தில் வந்து நிற்கும்போதெல்லாம் அரை சுரம் தள்ளி இன்னொன்று பக்கத்திலேயே நின்று உரசியது. 'தப்பு' என்று எழுதாமல், '1:12இல் மத்யமம் இரண்டும் உரசுகின்றன, வேண்டுமென்றே வைத்தீர்களா?' என்று கேட்டேன். பதில் வந்தது: 'ஆமா அண்ணா, அந்த வரியில பாட்டுல வர்ற பொண்ணு பொய் சொல்றா, அதனால அங்க மட்டும் சுகமா இருக்கக்கூடாதுன்னு நெனச்சேன். ஆனா மத்த இடத்துல வந்தது நான் கவனிக்கல.' மற்ற இடங்களில் எடுத்துவிட்டு அந்த ஒரு வரியில் மட்டும் வைத்தார். இப்போது அந்த வரி வரும்போது வயிற்றைப் பிசைகிறது, அவர் நினைத்தது அப்படியே நடக்கிறது. கேட்காமல் 'சரிபண்ணுங்க' என்று நான் சொல்லியிருந்தால், அந்த ரீமிக்ஸில் இருந்த ஒரே புதுச் சிந்தனை போயிருக்கும். நோக்கம் என்ன என்று கேட்ட பிறகே சொல்வது என்பதை இதற்குப் பிறகு நான் விடுவதே இல்லை.

குரல் பிரிப்பதைப் பற்றியும் சொல்ல வேண்டும். 2019இல் பாட்டில் இருந்து குரலைப் பிரிக்கும் ஸ்ப்ளீட்டர் மென்பொருள் இலவசமாக வந்ததிலிருந்து யார் வேண்டுமானாலும் குரலைத் தனியாக எடுக்கலாம், நல்ல காலம்தான். ஆனால் நம் பாட்டுகளில் வயலினும் புல்லாங்குழலும் குரலோடு ஒட்டியே போவதால் அவையும் கொஞ்சம் கூடவே வந்துவிடும், குரல் தண்ணீருக்குள் இருந்து வருவது போலிருக்கும். 'வோகல் கிளியரா இல்லை' என்று மட்டும் எழுதினால் அந்தப் பிள்ளை என்ன செய்ய முடியும்? மூலம் தரம் குறைந்த 128 கே.பி.பி.எஸ். எம்பி3யா, சி.டி.யில் இருந்து எடுத்ததா என்று கேளுங்கள். நல்ல மூலத்தில் இருந்து பிரித்தாலே பாதி சரியாகும். மூலப் பாட்டின் வயலினைத் தாழ்வாகப் பின்னால் ஓடவிட்டால் மீதிக் குறை மறையும். செய்யக்கூடிய ஒன்றைச் சொல்வதுதான் உதவி.

எனக்கு வந்ததில் இன்னொன்று, குரலுக்குச் சொந்தக்காரரிடமிருந்தே வந்தது. படைப்புகளைப் பிறர் பயன்படுத்தத் திறந்த உரிமங்கள் தரும் கிரியேட்டிவ் காமன்ஸ் அமைப்பு 2004இல் தொடங்கிய சிசிமிக்ஸ்டர் தளத்தில் பாடகர்கள் தங்கள் குரலை மட்டும் தனியாகப் போட்டு, ரீமிக்ஸ் செய்ய அனுமதியும் தருகிறார்கள். ஒரு பாடகியின் குரலை எடுத்துச் செய்தேன். அவரே கேட்டுவிட்டு, பீட் பிடித்திருக்கிறது என்று சொல்லி, இரண்டாவது பத்தியில் தான் மூச்சு வாங்கும் இடங்கள் காணாமல் போனதையும் எழுதினார். இரைச்சலைக் குறைக்க நான் போட்ட கேட் (சத்தம் குறைந்த இடங்களை மௌனமாக்கும் கருவி) அவற்றை விழுங்கியிருந்தது. மூச்சு ஒலியை நீக்கினால் அந்த வரியின் பதற்றம் போய்விடும் என்பது அவர் கருத்து, முழுக்க நியாயம். கேட்டின் அளவைத் தளர்த்தி மூச்சைத் திரும்பக் கொண்டுவந்தேன், பின்னால் லேசான இரைச்சல் கேட்டாலும் பரவாயில்லை. அதே ரீமிக்ஸுக்கு வேறு சிலர் தொடக்க இசை நீளம், வெட்டு என்றார்கள். அதை வெட்டவில்லை. பாடகியின் குரல் வருவதற்கு முன் கேட்பவரின் மனம் அடங்க வேண்டும் என்பதற்காகவே அந்த நீளம் வைத்தேன், அதை அவர்களுக்கும் எழுதினேன். சிலர் ஏற்கவில்லை. சரி.

'ராஜா பாட்டைத் தொடாதீங்க' என்று எழுதுபவர்களுக்கு நான் நன்றி மட்டும் சொல்வேன். அந்தப் பாட்டின் மேல் அவர்கள் வைத்திருக்கும் பாசம் எனக்கும் இருக்கிறது, அதனால்தான் அதை எடுத்து வைத்துக்கொண்டு இரவெல்லாம் உட்காருகிறேன்.

இப்போது ஆறெட்டில் (6/8) போகும் ஒரு தெம்மாங்குப் பாட்டை நாலு நாலு (4/4) பீட்டில் உட்கார வைக்கப் பார்க்கிறேன். குரலை நீட்டினால் துள்ளல் செத்துவிடுகிறது, ஹை-ஹாட் தாளத் தட்டை மட்டும் மும்மூன்றாக ஓடவிட்டால் ஓரளவு நிற்கிறது. மூன்று மூன்றாக நடக்கும் திஸ்ர நடைப் பாட்டில் இதை முயன்றவர்கள் இருந்தால் உங்களுக்கு என்ன கருத்து வந்தது, எதை ஏற்றுக்கொண்டீர்கள் என்று எழுதுங்கள். எந்த இடத்தில் என்பதை நிமிடம், வினாடியோடு சேர்த்து எழுதினால் இன்னும் நல்லது.